கணக்கை யாரிடம் காட்டினார்?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊழலை ஒழிப்பேன் என்று ஒருவர் மேடை ஏறினால் நமக்குச் சந்தோஷம் பொங்குகிறது. பொங்கத்தான் செய்யும். மேலே நடக்கும் திருட்டுக்கெல்லாம் கடைசியில் விலை கொடுப்பவர்கள் நாம்தானே! ஆனால் கை தட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இன்று சவூதி அரேபியாவின் கதையை எடுத்துக்கொண்டோம். நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் பிழைக்கப் போன நாடு அது.

2017 நவம்பர் 4. மன்னர் சல்மான் ஓர் ஆணை பிறப்பித்தார். ஊழல் ஒழிப்புக் கமிட்டி பிறந்தது. தலைவர் யார்? மன்னரின் மகன், 32 வயதுப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். ஆளைப் பிடிக்கலாம், பணத்தை முடக்கலாம், வெளிநாடு போகத் தடை போடலாம். எந்தச் சட்டமும் விதியும் குறுக்கே நிற்காது. இதுதான் ஆணை. சில மணி நேரத்துக்குள் இளவரசர்கள், மந்திரிகள், கோடீஸ்வரர்கள் கைதானார்கள். அவர்களை அடைத்த சிறை எது தெரியுமா? ரியாத் நகரின் ரிட்ஸ்-கார்ல்டன் என்ற ஆடம்பர ஓட்டல்!

இவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டாம். எண்ணெய்ப் பணத்தில் கொழுத்தவர்கள் அதில் உண்டு. சவூதி இளைஞர்கள் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் நியாயமும் உண்டு. ஆனால் பிடிபட்டவர்களில் ஒருவரைக் கவனியுங்கள். அவர் மித்தெப் பின் அப்துல்லா, முந்தைய மன்னரின் மகன், தேசியக் காவல் படையின் மந்திரி.

அந்த நாட்டில் துப்பாக்கி மூன்று இடங்களில் இருந்தது. ஒன்று ராணுவம். 2015 ஜனவரியில் தகப்பனார் மன்னரானதும் மகன் பாதுகாப்பு மந்திரியானார். மார்ச்சில் ஏமன் மீது போர் தொடங்கியது. இரண்டாவது உள்நாட்டுப் போலீஸ். அதை வைத்திருந்த முகமது பின் நாயிஃப், அப்போதைய பட்டத்து இளவரசர், 2017 ஜூனில் விலக்கப்பட்டார். மூன்றாவது தேசியக் காவல் படை. அதுவும் நவம்பர் 4-ல் மித்தெப் கையை விட்டுப் போயிற்று. ஊழல் ஒழிந்ததோ இல்லையோ, மூன்று துப்பாக்கியும் ஒரே கையின் கீழ் வந்துவிட்டன!

பணம் என்ன ஆயிற்று? 381 பேரை அழைத்து விசாரித்ததாகவும், 40,000 கோடி ரியாலுக்கு மேல் மதிப்புள்ள சொத்துக்களைச் சமரசமாகப் பெற்றதாகவும் 2018 ஜனவரியில் அரசாங்க வழக்கறிஞர் அறிவித்தார். யார் என்ன திருடினார், எவ்வளவு கட்டினார் என்ற பட்டியல் வந்ததா? வரவில்லை. பகிரங்க விசாரணை நடந்ததா? இல்லை. குற்றம் சாட்டியவர், பிடித்தவர், பேரம் பேசியவர் எல்லாம் ஒரே தரப்பு. அந்த இளவரசரே 2015-ல் பிரான்சில் 30 கோடி டாலருக்கு மேல் ஒரு மாளிகை வாங்கினார் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. அதை எந்தக் கமிட்டி விசாரிக்கும்?

பெரிய மனிதர்கள் ஓட்டலில் இருந்த அதே நாட்களில், 2018 ஜனவரி 1 முதல், சாமான்களுக்கு 5 சதவீத வரி வந்தது. 2020 ஜூலையில் அது 15 சதவீதமாயிற்று. கோடீஸ்வரன் வாங்கும் பொருளுக்கும் கூலிக்காரன் வாங்கும் பொருளுக்கும் ஒரே வரி!

கணக்குக் கேட்டவர்கள் கதி என்ன? பெண்கள் கார் ஓட்ட 2018 ஜூனில் அனுமதி வந்தது. அந்த உரிமைக்காகப் போராடிய பெண்களோ மே மாதமே சிறைக்குப் போனார்கள். இந்தக் கைதுகளை விமர்சித்து எழுதிய ஜமால் கஷோகி 2018 அக்டோபர் 2-ல் இஸ்தான்புல் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். இளவரசர் தாம் உத்தரவிடவில்லை என்றார். அவர் ஒப்புதல் தந்தார் என்று அமெரிக்க உளவுத்துறை 2021-ல் மதிப்பிட்டது. 2022 செப்டம்பரில் அவர் பிரதம மந்திரியும் ஆனார்.

கணக்குக் கேட்கும் ஆட்கள் அங்கே இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள்! 1953-ல் எண்ணெய்த் தொழிலாளர் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1956-ல் அரச ஆணை வேலைநிறுத்தத்தையே தடை செய்தது. அந்தத் தடையின் பலனை 2016-ல் நம்மவர்களும் அனுபவித்தார்கள். கட்டட வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் முகாம்களில் கிடந்தார்கள். கேட்க ஒரு சங்கம் இல்லை.

பண்ணையில் நெல் குறைகிறது. இளைய பண்ணையார் காரியஸ்தரையும் சித்தப்பாவையும் கட்டிவைத்து நெல்லை மீட்கிறார். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மீட்ட நெல் அவருடைய பத்தாயத்துக்குப் போனால், அறுத்தவன் கூலியில் ஒரு படி கூடுமா? திருடன் மாறினான் என்று வேண்டுமானால் சொல்லலாம். திருட்டு ஒழிந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே தோழர்களே, ஊழலை ஒழிப்பேன் என்று யார் வந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: "உங்கள் கணக்கை யாரிடம் காட்டுவீர்கள்?" சங்கத்திடமும், பத்திரிகையிடமும், பகிரங்க நீதிமன்றத்திடமும் என்றால் கை தட்டுவோம். "என்னிடமே" என்றால், தட்ட எடுத்த கையை மடக்கிக்கொள்வோம்!