நமக்கேற்ற தொழில் எது?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "தொழில்" என்பதாகும். தொழில் என்றால் கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்பதைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் சிலர் இருக்கலாம். அதுவும் பேசவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கின்றது. அதை நம்மவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஆயுளில் ஒரு தடவைகூடத் தங்களையே கேட்டுக்கொண்டதில்லை. "எனக்கு என்ன செய்ய வரும்? எதைச் செய்தால் என் மனம் நிறையும்?" என்பதே அந்தக் கேள்வி.

ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? அறிவில்லாமலா? இல்லை, தோழர்களே! பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டதால் கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவேண்டும். துணி வெளுப்பவர் மகன் துணி வெளுக்கவேண்டும். மணியடித்துப் பூஜை செய்பவர் மகன் மணியடிக்கவேண்டும். மனுதர்மத்தின் 10-ஆவது அத்தியாயத்தைப் பாருங்கள். கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவன் மேல்ஜாதிக்காரன் தொழிலைச் செய்து பிழைத்தால், அரசன் அவன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டு நாட்டைவிட்டுத் துரத்தவேண்டும் என்று விதி இருக்கின்றது. அதை அடுத்தாற்போலேயே, பிறர் தொழிலை நன்றாகச் செய்வதைவிடத் தன் ஜாதித் தொழிலை அரைகுறையாகச் செய்வதே மேல் என்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. நன்றாகச் செய்பவனைத் தடுத்து, அரைகுறையாகச் செய்பவனை உட்கார்த்தி வைக்கும் இந்த ஏற்பாட்டை ஒரு வண்டிக்காரராவது ஒப்புக்கொள்ளுவாரா? இழுக்கிற மாட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு, படுக்கிற மாட்டை நுகத்தில் பூட்டுவாரா?

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1936-இல் லாகூரில் பேசுவதற்கென்று எழுதி, கூட்டத்தார் பின்வாங்கிவிட்டபடியால் தாமே அச்சிட்டு வெளியிட்ட ஜாதி ஒழிப்புச் சொற்பொழிவில் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கின்றார். மனிதனுடைய சக்தியையும் விருப்பத்தையும் கேளாமல், தாய்தகப்பன் பிறப்பைக் கொண்டு வேலை பிரிக்கும் ஏற்பாடு தொழிலுக்கே கேடு என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் அப்படி எழுதிப் பதினேழு வருஷங் கழித்து, 1953-இல், சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை என்ன செய்தது? பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்புக் கிளம்பி, 1954-இல் காமராஜர் முதல் மந்திரியான பின் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது திட்டந்தான், "நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?" என்று தகப்பன்மாரே சொல்லும் பழக்கம் இன்னும் கைவிடப்படவில்லை.

அடுத்தபடியாக ஜாதகம். பத்தாம் இடத்தில் எந்தக் கிரகம் இருக்கின்றதோ அதன்படி உத்தியோகமாம். ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நேரத்தில் பிறந்த டாக்டர் பிள்ளையும் தோட்டி பிள்ளையும் ஒரே உத்தியோகத்திற்குப் போயிருக்கின்றார்களா என்று கேட்டால், ஜோசியனுக்கு அப்போதுதான் வேறு ஊரில் அவசர வேலை ஞாபகம் வரும்.

ஜோசியத்தை விட்டுவிட்டோம் என்று பெருமை பேசும் பட்டணத்துப் படிப்பாளிகளையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். குழந்தையின் பத்து விரல் ரேகைகளையும் கருவியில் பதிந்து, "உங்கள் பிள்ளை எஞ்சினீயர் ஆவான், உங்கள் பெண் நாட்டியத்திற்கு ஏற்றவள்" என்று வர்ணப் படத்தோடு ரிப்போர்ட்டு கொடுத்து, ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகின்றார்கள். விரல் ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றது. அதற்குப் பிறகு பிள்ளை கற்றதும் பழகியதும் அதில் எப்படி ஏறும்? இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமே 2019-இல் தெரிவித்திருக்கின்றது. ரேகை பார்ப்பவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் மூடநம்பிக்கை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தால் விஞ்ஞானமா?

"எங்களுக்குச் சொன்னது அப்படியே பொருந்தியதே!" என்பார்கள். பொருந்தாமல் என்ன செய்யும்? 1948-இல் அமெரிக்காவில் ஃபோரர் என்ற மனநூல் போதகர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒரு வாரம் கழித்து, "இது உன் குணத்தைப் பற்றிய முடிவு" என்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, எவ்வளவு சரியாக இருக்கின்றதென்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 மார்க் விழுந்தது. பிறகு பார்த்தால், 39 பேர் காகிதத்திலும் ஒரே வாசகம்! அதிலும் பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோசியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது. ஆகையால் ஒரு சோதனை நம்மைப் புகழ்ந்து பேசுகின்றது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

சரி, அப்படியானால் வழி என்ன? இதை யோசித்து ஒழுங்குபடுத்தினவர்களில் முன்னால் நிற்பவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருந்த பிராங்க் பார்சன்ஸ் என்பவர். எஞ்சினீயரிங் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, வக்கீலாகி, கல்லூரிப் போதகராகவும் இருந்தவர். இத்தனை தொழில் பார்த்தவருக்குத்தான் தொழிலைப் பற்றிச் சொல்ல யோக்கியதை உண்டு போலும்! 1908-இல் ஏழை வாலிபர்களுக்காக அந்நகரத்தில் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே வருஷம் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த புத்தகம் 1909-இல் வெளிவந்தது. அவர் சொன்னது சுருக்கமானது. உன்னைத் தெரிந்துகொள், தொழில் உன்னிடம் என்ன கேட்கின்றது, என்ன கொடுக்கின்றது என்பதைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புத்தியால் ஒத்துப்பார். வந்தவர்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கொடுத்து வீட்டில் தனியே உட்கார்ந்து எழுதிவரச் சொல்லுவார். அதோடு நிற்காமல், உன்னை அறிந்தவர்களிடம் உன் குறைகளைக் கேட்டுவா என்றும் சொல்லுவார். மனிதர் வாலிபர்களின் மண்டை அமைப்பையும் கவனித்துப் பார்த்ததுண்டு. அந்தப் பகுதி வெறும் மூடநம்பிக்கை. பின்வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார்கள். ஒருவரிடம் நல்லதை எடுக்கவும் கெட்டதை எறியவும் தெரிந்திருந்தால் குருபூஜை வேண்டியதில்லை.

பிறகு 1959-இல் ஜான் ஹாலண்டு என்பவர், வேலைகளையும் மனிதரின் நாட்டங்களையும் ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். கருவி, இயந்திரம், மண் இவற்றோடு வேலை செய்வது ஒன்று. ஏன், எப்படி என்று ஆராய்வது ஒன்று. கலை ஒன்று. கற்பிப்பதும் நோயாளியைக் கவனிப்பதும் போன்ற மக்கள் பணி ஒன்று. பேசி, விற்று, நடத்திச் செல்வது ஒன்று. கணக்கு, பதிவு, ஒழுங்கு ஒன்று. இதைச் சொன்னதும் சில பண்டிதர்கள், "இதைத்தானே எங்கள் பெரியோர் குணத்தையும் கர்மத்தையும் கொண்டு நான்கு வருணம் என்றார்கள்?" என்று கிளம்புவார்கள். நாம் கேட்கின்றோம்: குணத்தைக் கொண்டு என்றால், பதினைந்து வயதில் எந்தப் பிள்ளைக்காவது பரீட்சை வைத்து, "உனக்குப் பூஜைக்குணம் இல்லை, நீ மண்வெட்டி எடு, உனக்குப் படிப்புக் குணம் இருக்கின்றது, நீ வேதம் படி" என்று மாற்றின துண்டா? ஹாலண்டின் கணக்கில் ஆறும் எல்லாரிடமும் இருக்கின்றன. ஒருவருக்கு இது கூடுதல், ஒருவருக்கு அது கூடுதல். பதில் சொல்லுகிறவன் நீயே. நாளைக்கு உன் பதில் மாறினால் தடுப்பாரில்லை. ஒன்று மேல், ஒன்று கீழ் என்ற பேச்சுமில்லை. இதையும் வருணத்தையும் ஒன்றென்பது திறவுகோலையும் பூட்டையும் ஒன்றென்பது போலாகும்.

தாய்மார்கள் கவனிக்கவேண்டிய ஒரு சங்கதி. 1927-இல் ஸ்டிராங் என்ற பேராசிரியர், ஒருவருக்கு எந்தத் தொழிலில் நாட்டம் என்று கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். அது ஆண்களுக்கு. பெண்களுக்கென்று 1933-இல் வேறு தாள் வந்தது. ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஜா நிறம்! இரண்டையும் ஒன்றாக்கியது 1974-இல்தான். விஞ்ஞானம் என்று சொல்லிக்கொண்டவர்களே நாற்பது வருஷம் பெண்ணுக்கு வேறு காகிதம் நீட்டியிருக்கும்போது, நம் வீட்டுக் கிழவர்களை என்ன சொல்லுவது? ஆகவே, "பெண்ணுக்கு ஏற்ற வேலை" என்று யாராவது ஆரம்பித்தால், அந்தப் பெண்ணைக் கேட்டாயா என்று முதலில் கேளுங்கள்.

இனி, நம்மை நாமே சோதிப்பதில் உள்ள ஆபத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனிதன் தன்னைப் பற்றித் தானே போடும் கணக்கு பெரும்பாலும் தப்புக் கணக்கு. 1999-இல் டன்னிங், குரூகர் என்ற இருவர் அமெரிக்க மாணவர்களைச் சோதித்தார்கள். இலக்கணத்திலும் தர்க்கத்திலும் கடைசிக் கால் பாகத்தில் விழுந்தவர்கள், தாங்கள் சராசரிக்கு மேலே இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். இது ஒரு பக்கம். நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. தலைமுறை தலைமுறையாக "உனக்குப் புத்தி கிடையாது" என்று காதில் ஓதப்பட்டவன், நன்றாகச் செய்யும் காரியத்தைக்கூடத் "தெரியாதுங்க" என்பான். கெட்டுப்போன மோட்டாரைப் பிரித்து மாட்டி ஓடவைப்பவனை, "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டுப்பாருங்கள். "ஒண்ணும் தெரியாதுங்க, எட்டாவது பெயிலுங்க" என்பான். பள்ளிக்கூடம் அவனைப் பற்றிச் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கின்றது; மோட்டார் சொன்னது விழவில்லை.

ஆதலால் நினைப்பை நம்பாதீர்கள், காரியத்தைப் பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தினம் இரவு நாலு வரி எழுதுங்கள். இன்று எந்த வேலையில் பொழுது போனதே தெரியவில்லை? எதில் மணிக்கொரு தரம் கடியாரத்தைப் பார்த்தேன்? எந்த உதவிக்கு அடுத்த வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார்? பத்திரம் எழுதவா, பம்பு ரிப்பேருக்கா, சண்டை தீர்க்கவா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. நீங்கள் உங்களைப் பற்றிப் பொய் சொல்லிக்கொள்ளலாம். பம்பு ஓடாமல் நிற்பவர் உங்களிடம் உபசாரத்திற்காக வரமாட்டார்.

பீட்டர் டிரக்கர் என்ற நிர்வாகப் பேராசிரியர் 1999-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு உபாயம் சொல்லியிருக்கின்றார். ஒரு முக்கியமான காரியத்தில் இறங்கும்போது, இதனால் என்ன ஆகுமென்று எதிர்பார்க்கின்றாய் என்பதை எழுதிவை. ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து நடந்ததோடு ஒத்துப்பார் என்கின்றார். "ஆறு மாதத்தில் தையல் படிந்துவிடும்" என்று எழுதினீர்கள். மூன்றே மாதத்தில் படிந்ததா? ஒரு வருஷமாகியும் ஊசியும் நூலும் சண்டை போடுகின்றனவா? ஜோசியன் சொன்னது பலிக்காவிட்டால் அவன் கிரகத்தின் மேல் பழி போடுவான். உங்கள் கையெழுத்தில் நீங்களே எழுதிவைத்ததை யார்மேல் போடுவீர்கள்?

இன்னொன்று. தொழிலின் பேரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நாம் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சிறு அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தவர். எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் படித்துத்தான் நமக்குத் தமிழே வந்தது. சில வருஷங்களில் கம்ப்யூட்டர் வந்தது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. "கம்பாசிட்டர்" என்ற பேர் செத்தது. ஆனால் ஒரு வரியைப் பார்த்தவுடன் பிழை எங்கே இருக்கின்றதென்று கண்டுபிடிக்கும் கண் எடைக்குப் போகவில்லை. அதைக் கொண்டுதான் இன்றுவரை ஜீவனம் நடக்கின்றது. ஆகையால் நோட்டில் "நான் டிரைவர்", "நான் குமாஸ்தா" என்று எழுதாதீர்கள். எனக்கு இன்னது வரும் என்று வினையாக எழுதுங்கள்.

இவ்வளவு சொன்னபின், "சோற்றுக்கே வழியில்லாதவனுக்கு மனநிறைவு ஒரு கேடா?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். நோட்டுப் புத்தகம் வேலையைச் சிருஷ்டிக்காது. வேலையில்லாத ஊரில் உன் நாட்டம் என்ன என்று கேட்பது பரிகாசம். கூலி குறைவாகக் கொடுக்கும் முதலாளி, "வேலையில் இன்பம் காண்" என்று உபதேசம் செய்தால் அவனை நம்பாதீர்கள். ஆனாலும் ஏழைக்கு நாட்டமே இருக்கக்கூடாதென்று சொல்லுவதும் பழைய மனுவின் குரல்தான். மனிதனைக் கையால் மலம் அள்ள வைக்கக்கூடாதென்று 1993-இல் ஒரு சட்டம், பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் இறக்கக்கூடாதென்பதையும் சேர்த்து 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. அதன் பிறகும் இறக்குகின்றார்கள். உள்ளேயே செத்தும் போகின்றார்கள். எந்த ஊரிலாவது, எந்தக் கேள்வித்தாளிலாவது, "எனக்கு இதில்தான் நாட்டம்" என்று எழுதிக் கொடுத்து அந்தக் குழியில் இறங்கினவர் உண்டா? யாரைக் கேட்காமல் இறக்கினார்களோ, அவர் பிள்ளையிடம்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டும்.

மேஜைமேல் சில சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் படிக்கின்றோம். "வயது 45. மளிகைக் கடையில் இருபது வருஷமாகக் கணக்குப் பிள்ளை. கணக்கு பிடிக்கவில்லை. இனிமேல் சோதித்து என்ன பிரயோஜனம்?" என்று ஒரு தோழர் கேட்டிருக்கின்றார். தோழரே! கடையை நாளைக்கே விடச்சொல்ல நாம் பைத்தியக்காரரல்ல; வீட்டில் அடுப்பு எரியவேண்டும். பிடிக்காதது கணக்கா, அந்தக் கடையா, அந்த முதலாளியா என்று முதலில் பிரித்து எழுதுங்கள். முதலாளி என்றால் கடையை மாற்றலாம். கணக்குத்தான் என்றால், கடையில் எந்த நேரத்தில் உங்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்று இரண்டு மாதம் குறித்துவாருங்கள். சரக்குப் பிடிக்கப் போகும்போதா, வாடிக்கைக்காரரிடம் பேசும்போதா, கடைப்பையனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போதா? அந்த வேலையை வாரத்தில் அரைநாள் அதிகமாகக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். கூலி கேட்காமல் செய்யாதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு நோட்டோடு வந்தால் சேர்ந்து பார்க்கலாம்.

மற்றச் சீட்டுகளுக்குக் கூட்டம் கலைந்தபின் இங்கேயே உட்கார்ந்து பதில் சொல்லுகின்றோம்.