வழியும் வழிகாட்டியும்



சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, திண்டிவனத்தைக் கடந்து விக்கிரவாண்டியை அடைகிறது. அவ்விடத்தில் ஒரு கிளை பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர் நோக்கிப் போகிறது. மற்றது விழுப்புரத்திற்குச் செல்கிறது. பண்டிகை நாட்களில் இச்சந்தியில் நிற்கும் காவலருக்குத் தம் கண்ணுக்கெட்டிய வண்டிகளே தெரியும். தொலைவில் சாலை அடைபட்டிருப்பதைப் பிறர் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும்.

இன்று தொலைபேசியில் நாம் பேசும் பேச்சும், சிறு சிறு துண்டுகளாகி, இத்தகைய பல சந்திகளைக் கடந்தே செல்கிறது. சந்தியில் இருக்கும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். வழியைத் தீர்மானிக்கும் அறிவும், துண்டுகளை அனுப்பும் உழைப்பும் முன்னர் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கியிருந்தன. அண்டைப் பெட்டிகள் தரும் செய்தியைக் கொண்டு ஒவ்வொன்றும் தானே முடிவு செய்தது. 2008-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோனும் அவருடைய தோழர்களும் ஓப்பன்ஃப்ளோ என்னும் முறையை வெளியிட்டனர். அறிவைத் தனியே பிரித்து, பாதைகள் அனைத்தையும் ஒருங்கே காணும் மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்பதே அதன் சாரம்.

2012-இல் தொலைபேசி நிறுவனங்கள் பல ஒன்றுகூடி மற்றொரு கருத்தை முன்வைத்தன. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி இயந்திரம் வாங்குவானேன்? பொதுவான கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளே அப்பணிகளைச் செய்யட்டும் என்றன. 2025 செப்டம்பர் 27 அன்று நம் நாட்டில் தொடங்கிவைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். 4ஜி சேவையின் மையப் பகுதி, அரசின் சி-டாட் நிறுவனம் ஆக்கிய மென்பொருளே. அதைப் புதுப்பித்து 5ஜி நிலைக்கு உயர்த்தலாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

நன்மை பெரிது, ஆயின் அபாயமும் உண்டு. அறிவு ஓரிடத்தில் குவிந்தால் பிழையும் அங்கிருந்தே பரவும். 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தார் தம் வலைப்பின்னலின் மையத்தில் ஒரு மாற்றம் செய்தபோது பிழை நேர்ந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் தொடர்பு அறுந்தது. ஆபத்துக் காலத்தில் உதவிக்கு அழைக்கவும் பலரால் இயலவில்லை. முன்பு ஓர் ஊரின் நிலையம் பழுதானால் அவ்வூரே மௌனமாகும். இப்போது ஒரு நாடே மௌனமாகலாம்.

மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தின்கீழ் வெள்ளம் உயர்ந்து, ரயில்கள் நிறுத்தப்பட்டன. காட்பாடி வழியாக வேறொரு இருப்புப்பாதை இருந்தமையால் சில ரயில்களைத் திருப்பிவிட முடிந்தது. தொலைபேசிக்கும் இதுவே நியதி. ஒரு சிற்றூருக்குச் செல்லும் கண்ணாடி இழை ஒன்றே ஒன்றாயின், அது அறுந்தபின் எத்துணைச் சிறந்த மென்பொருளும் யாது செய்யும்? கோபுரத்தில் மின்சாரம் இல்லையேல் யாது செய்யும்? வழிகாட்டியால் வழியைத் தேர்ந்தெடுக்க இயலும், உண்டாக்க இயலாது.

ஆகவே, இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர்கள் மென்பொருள் எழுதக் கற்பதோடு நில்லாமல், தம் ஊருக்கு இரண்டாவது பாதை உண்டா என்று கேட்கவும் கற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வெள்ளம் வந்த இரவில் ஒரு தாயின் அழைப்பு மருத்துவமனையை எட்டுமா என்பது அக்கேள்விக்குரிய விடையைப் பொறுத்தது.