ஒல்லியான அப்பாவுக்கு ஏன் சீனி வருத்தம்?

லா சப்பலில் இருந்து பேசுகிறேன். இரவு வேலை முடிந்து வந்த கையோடு இருக்கிறேன், குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் பாக் எடுக்கும் பிள்ளைகளுக்கு 2021 முதல் ‘கிரோன் ஓரால்’ என்றொரு வாய்மொழித் தேர்வு நடக்கிறது. தங்கள் சிறப்புப் பாடங்களில் இருந்து இரண்டு கேள்விகளைத் தாங்களே உருவாக்கி, ஆராய்ந்து கொண்டுபோக வேண்டும். நடுவர்கள் ஒன்றைத் தெரிவார்கள். இப்போதைய முறையில் 20 நிமிடம் ஆயத்தம், 10 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் உரையாடல். நடுவர் இருவரில் ஒருவர் அந்தப் பாடத்தைப் படிப்பிக்காதவர். அவருக்கும் விளங்க வேண்டும்.

எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, உயிரியலும் கணிதமும் படிப்பவள், என்னிடம் வந்தாள். “அன்ரி, புற்றுநோய் செய்யட்டா?” புற்றுநோய் ஒரு நூலகம் பிள்ளை, கேள்வி இல்லை என்றேன். பிறகு நான் ஒரு பிழை விட்டேன். எனக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டினேன். 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். மரியாதைக்கு எழுதிக்கொண்டாள். அடுத்த கிழமை கொப்பியில் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. அது என்னுடைய தலைப்பு, அவளுடையது இல்லை.

அதன் பிறகுதான் கேட்டேன்: “வீட்டில என்ன யோசிச்சுக்கொண்டு இருக்கிறாய்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். தகப்பனுக்குச் சீனி வருத்தம். உணவகச் சமையலறையில் வேலை, நள்ளிரவில்தான் சோறு. வைத்தியரிடம் போனால் மொழிபெயர்ப்பது இவள்தான். “அப்பா ஒல்லி அன்ரி. ஒல்லியான ஆக்களுக்கு ஏன் வருது?”

கேள்வி அதுதான். அப்பாவின் எடை 64 கிலோ, உயரம் 1.65 மீற்றர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி 23.5. பொது அட்டவணையில் 25க்குக் கீழே என்றால் கவலை இல்லை. ஆனால் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23இலேயே கவனம் தேவை என்று சொன்னது. ஒரே எடையில் எங்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு கூட. இரத்தத்துச் சீனியைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தசைதானே. கணிதமும் உயிரியலும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன.

தகப்பன் சம்மதிக்கவில்லை. வீட்டு வருத்தத்தை வெள்ளைக்காரனுக்கு முன்னால் சொல்வதா என்று கோபம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நோயாளியின் தகவலை வெளியே விடாதே என்றுதான் எங்களுக்கும் தாதியர் கல்லூரியில் படிப்பித்தார்கள். ஆகவே கேள்வியில் அப்பா என்ற சொல்லை எடுத்துவிட்டோம்: “ஒரே சுட்டி எல்லா மக்களுக்கும் பொருந்துமா?”

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது தெருவில் அவரைக் கண்டேன். மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தங்கச்சி, என்ர பேர் வேண்டாம். ஆனா அந்த இருபத்துமூண்டு எண்டுறது என்னெண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

இரண்டாவது கேள்வியை அவள் இன்னும் தேடுகிறாள். இந்த முறை நான் வாய் திறக்கவில்லை.