ஏமாந்தவன் மேலா குற்றம்?



ஒருவன் பணத்தைக் கொடுத்து உதவாத சாமானை வாங்கி வந்துவிட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவன் தலையெழுத்து" என்கிறார்கள், இல்லாவிட்டால் "கண்ணைத் திறந்து பார்த்து வாங்குவதற்கென்ன?" என்கிறார்கள். ஏமாற்றினவனை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. இது நம் நாட்டு வழக்கம் மாத்திரமல்ல. அமெரிக்காவிலும் வெகுகாலம் "வாங்குகிறவனே ஜாக்கிரதையாயிருக்க வேண்டியது" என்பதுதான் கோர்ட்டுகளின் வேதவாக்காயிருந்தது. அது அங்கு எப்படி மாறிற்று என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

1914-ல் அமெரிக்க மத்திய சர்க்கார் வியாபார அக்கிரமங்களைக் கவனிக்க ஒரு கமிஷனை ஏற்படுத்திற்று. ஆனால் அந்தச் சட்டத்தைக்கொண்டு ஏமாந்தவன் தானே கோர்ட்டுக்குப் போக முடியாது. பழைய மோசடிச் சட்டப்படி போவதானாலோ, விற்றவன் தெரிந்தே பொய் சொன்னான் என்று வாங்கினவன் ருஜுப்படுத்தியாக வேண்டும். ஒருவன் மனதிற்குள் இருந்ததை மற்றொருவன் எப்படி ருஜுப்படுத்துவது?

ஆகவே மாகாணங்கள் தாங்களே சட்டம் செய்துகொண்டன. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் 1967-ல் சட்டம் வந்தது. 1969-ல் வாங்கினவனே வழக்காடலாம் என்று அதில் சேர்த்தார்கள். அங்கே வியாபாரியின் மனதைத் துருவ வேண்டியதில்லை; அவன் செய்கை ஏமாற்றக்கூடியதா என்பதே கேள்வி. பொய் சொல்லுவது மாத்திரமல்ல, வாயை மூடிக்கொண்டிருப்பதும் குற்றம்தான். வெள்ளத்தில் முழுகின மோட்டார் வண்டியை அதைச் சொல்லாமல் விற்றால், சொல்லியிருந்தால் வாங்கியிருக்கமாட்டான் அல்லவா? அது போதும்.

முதலில் வாங்கினவன் இன்ன மோசம், இன்ன நஷ்டம் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். வியாபாரிக்கு 30 நாள் தவணை. "வியாபாரம் நசித்துப்போகாதா?" என்பார்கள் சிலர். யோக்கியனுக்கு ஏன் நசிக்கிறது? அவன் தவணைக்குள் நியாயமான தொகை கொடுக்க முன்வந்தால் அவன் பொறுப்பு அவ்வளவோடு நின்றுபோகும். வேண்டுமென்றே ஏமாற்றினவனும், வீம்புக்கு மறுத்தவனுமே நஷ்டத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். வக்கீல் கூலியும் தோற்ற வியாபாரி தலையில்தான். நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. 50 டாலர் நஷ்டத்திற்கு 500 டாலர் கொடுத்து எவன் வக்கீல் வைப்பான்? இந்த ஒரு கணக்கை நம்பித்தானே சில்லறை மோசக்காரர்கள் பிழைக்கிறார்கள்!

ஆனால் சட்டம் இருந்தால் மாத்திரம் போதுமா? மிச்சிகன் மாகாணத்திலும் இப்படியொரு சட்டம் உண்டு. அதில், வேறு சட்டம் குறிப்பாக அனுமதித்த காரியங்களுக்கு விலக்கு என்று ஒரு வரி. 2007-ல் அம்மாகாணத்தின் உயர்ந்த நீதிமன்றம், லைசென்ஸ் பெற்று வீடு கட்டித் தருபவர் அந்த விலக்கிற்குள் வருவார் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஜனங்களைக் காக்கவென்று கொடுத்த லைசென்ஸே கட்டுகிறவனுக்குக் கேடயமாய்விட்டது.