கேள்வித்தாளில் எங்கள் பாகம்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவில் மனநல ஆய்வைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், பண்டிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். அவர் சித்த மருத்துவர் என்பது ஒரு தொடர்பு. அதைவிட முக்கியமானது 1881 குடிக்கணக்கு. அரசு வைத்திருந்த சாதிப் பெயர்களின்கீழ் எங்களை எழுதாதீர்கள், பூர்வத் தமிழர் என்று பதியுங்கள் என்று அப்போது கேட்டவர் அவர். கணக்கில் எங்களையும் சேருங்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கணக்கின் கட்டங்களை எங்களைக் கேட்டுப் போடுங்கள் என்றார்.

நாங்கள் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் குடியிருப்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்குப் பிறகு ஒரு மனநல ஆய்வுக் குழு எங்களை அழைத்தது. "சமூகப் பங்காளிகள்" என்று கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். தமிழில் பங்காளி என்றால் சொத்தில் பாகம் உள்ளவன். எங்களுக்குக் கிடைத்த வேலையோ வீடு காட்டுவது, "டாக்டருங்க வந்திருக்காங்க, கொஞ்சம் பதில் சொல்லுங்க" என்பது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. கேள்வித்தாள் அதற்கு முன்பே அச்சாகியிருந்தது.

அது உலகம் முழுக்கப் பயன்படும் பி.எச்.க்யூ-9. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 10ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கணக்கு. கெட்ட தாள் என்று சொல்லமாட்டோம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று அது நேராகக் கேட்கிறது. அந்தக் கேள்வியால் முதன்முதலாக வாய் திறந்தவர்களைப் பார்த்தோம்.

ஆனால் தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு அக்கா சொன்ன பதில் இது: "தூக்கம் எங்கப்பா வருது? காத்து திரும்புச்சுனா வாடை வருதான்னு மூக்கு முழிச்சிக்கினே கீது." தாளில் 3 போடப்பட்டது. களைப்புக்கும் 3. விடியலுக்கு முன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக விற்றுத் திரும்புகிறவருக்குக் களைப்பு இல்லாமல் என்ன இருக்கும்? கூட்டிப் பார்த்ததில் 10ஐத் தாண்டிவிட்டார். அவருக்கு மனச்சோர்வே இல்லை என்று நாங்கள் சாதிக்கவில்லை, இருக்கவும் கூடும். ஆனால் அவர் தூங்காமல் இருந்தது பிள்ளைகளுக்காகக் காவல் காப்பது. அதற்கு மாத்திரை வேண்டுமா, எச்சரிக்கை சைரன் வேண்டுமா என்று பிரித்துப் பார்க்க அந்தத் தாளில் இடமில்லை.

இன்னொன்று, சொல். மனநல ஆய்வு என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் "கீழ்ப்பாக்கம்" என்றாலே வசவு. கதவுகள் பாதி திறந்து மூடிக்கொண்டன. "மனசு பேஜாரா இருக்கா" என்று கேட்டிருந்தால் பேசியிருப்பார்கள். முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். காலத்தையும் சொல்லியிருப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நடுவில் வந்து இரண்டு வாரத்துச் சோர்வை அளந்தால் எதை அளக்கிறோம்? பகல் பதினோரு மணிக்கு வீடு வீடாகப் போனால் தூய்மைப் பணியாளர் கிடைப்பாரா, துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் கிடைப்பாரா?

சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தால் முடிந்தது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் ஏரியாவை மாற்றி எழுதியதுண்டா, சாக்கடையில் இறங்க மறுத்தபோது என்ன நடந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. மனதை நொறுக்குவது இவையெல்லாம்தான் என்று எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

கேட்பவர் மாறினால் பதில் மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மின்னதிர்ச்சி சிகிச்சை பற்றி நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் திரட்டி, லண்டனில் டயானா ரோஸ் குழுவினர் 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அந்தச் சிகிச்சையைத் தாமே பெற்றவர்களும் அக்குழுவில் இருந்தார்கள். மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளில் தெரிந்த திருப்தி, நோயாளிகள் நடத்திய அல்லது சேர்ந்து நடத்திய ஆய்வுகளில் குறைந்திருந்தது. நம் நாட்டிலும் பாருங்கள்: மலம் அள்ளுவோர் எங்கள் மாநிலத்தில் இல்லை என்று அரசுகள் நீதிமன்றத்தில் சொன்னபோது, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தானே தெருவில் இறங்கித் திரட்டிய விவரங்களை எதிரே வைத்தது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

சட்டமும் கொஞ்சம் இடம் தருகிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் மனநோய் அனுபவம் உள்ளவர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. அதே ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள் ஆய்வில் சமூகத்தை ஈடுபடுத்தச் சொல்கின்றன, நெறிமுறைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. மாணவர்கள் இவற்றைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளரிடம் பேசும்போது உதவும்.

பிறகு இன்னொரு குழு வந்தது. இந்த முறை நாங்கள் முதலில் பேசினோம். நிதிக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே உட்கார வேண்டும், வருகிற நாளுக்குக் கூலி வேண்டும், சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எங்கே அழைத்துப்போவது என்று முடிவாகியிருக்க வேண்டும், முடிவுகளை முதலில் தெருவில் வாசிக்க வேண்டும் என்றோம். கூலியைத் தவிர மற்றதற்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். கூலிக்குத்தான் மூன்று கூட்டம் ஆனது.

எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் கூட்டத்துக்கு யார் வந்தார்கள்? சங்கத் தலைவர்கள், ஊர்ப் பெரியவர்கள், நாங்கள். எல்லாம் ஆண்கள். குப்பத்துப் பஞ்சாயத்தைக் கூப்பிட்டதும் "சமூகம்" வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். பக்கத்துச் சேரியின் பெயர் பட்டியலிலேயே இல்லை. நாங்களும் அதை இரண்டாம் கூட்டத்தில்தான் கவனித்தோம். தூய்மைப் பணி செய்யும் பெண்கள் வாசல்படியில் நின்றிருந்தார்கள், நாற்காலி போதவில்லை என்று.

மூன்றாம் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றி, சேரிக்குள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். மூக்கு முழித்திருக்கிறது என்று சொன்ன அக்காவும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வரைவுக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். தூக்கக் கேள்வி வந்ததும் நிறுத்தி, "ஏன் தூங்கலன்னும் கேட்டு எழுதிக்க" என்றார். ஆய்வாளர் அதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்த வரி அச்சுத் தாளில் வருகிறதா என்று பார்ப்பதற்காக, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.