மேடை எவருக்கு உரியது?



தெருவில் நடக்கும் உரிமைக்கே போராட நேர்ந்த மக்களின் வழிவந்தோர் நாம். ஆதலால், மேடை கேட்போரின் குரல் நமக்கு விளங்கும்.

‘நான் வித்யா’ என்னும் தன்வரலாற்றை 2007-இல் வெளியிட்ட லிவிங் ஸ்மைல் வித்யா, தலித் குடும்பத்தில் பிறந்த திருநங்கை. ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் 2014-இல் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறர் நகைப்புக்குரியதாக்கிய திருநர் வாழ்வை, அவர்கள் தாமே நாடகமாக்கி நடித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று, தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் திருநர் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

சட்டம் உரிமையை அறிவிக்கும். ஊரார் மனம் மாற நாடகமும் வேண்டும்.

குலசேகரத்தில் அத்தகைய பிள்ளை எவரும் வீட்டைவிட்டு ஓட வேண்டா. நம் ஆண்டுவிழா மேடையில் தம் கதையை நடிக்கட்டும். நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்!