வகை வகையாய் வாழை

திண்டுக்கல் பழக்கடை முன்னால கொஞ்சம் நின்னு பாருங்க. மலைவாழை, பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, செவ்வாழைன்னு தார் தாராத் தொங்கும். எல்லாம் வாழைதான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. மலைவாழைச் சதையில ஈரம் கம்மி; சீக்கிரம் கெடாது. அதனாலதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிங்கிற மலைவாழைப் பழம். பஜ்ஜிக்கு மொந்தன். தாம்பூலத்துக்குப் பூவன்.

இந்த வகைகள் அழகுக்கு மட்டுமில்லைங்க, பாதுகாப்புக்கும்தான். மத்திய அமெரிக்காவுல ஏற்றுமதிக்குன்னு தோட்டம் தோட்டமா ஒரே ரகத்தை நட்டாங்க. மண்ணுல பனாமா வாடல் நோய் வந்துச்சு. ஒரு மரத்தைச் சாய்ச்ச நோய் அத்தனையையும் சாய்ச்சிருச்சு. 1960-கள்ல அந்த ரகமே ஏற்றுமதிச் சந்தையை விட்டுப் போயிருச்சு.

திண்டுக்கல் பக்கத்துல இருக்கிற நம்ம சிறுமலையிலயும் முடிக்கொத்து நோய் வந்துச்சு. அசுவினிப் பூச்சி பரப்புற நோய். மலைவாழைத் தோட்டங்கள் சுருங்கிப் போச்சு. ஆனா நம்ம கடையில பழமே இல்லாமப் போகலை. பூவன் இருந்துச்சு, ரஸ்தாளி இருந்துச்சு. பல வகை இருந்தா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்.

ஆனா நாம கேட்டு வாங்குற ரகத்தைத்தான் விவசாயி நடுவார். அதனால இன்னைக்குக் கடைக்குப் போனா, வழக்கமா வாங்காத ஒரு ரகத்தைக் கேட்டு ஒரு சீப்பு வாங்குங்க.